சக்கரம் தூக்கும் கருவி தூணோரம் நிற்கிறது, ஆட்கள் கையால் தூக்குகிறார்கள்: எங்கே தவறு?

லைன்ஓரம்:

கார் அசெம்பிளியில் சக்கரம் மாட்டும் நிலையம் என் பொறுப்பில் இருக்கிறது. எட்டு மாதங்களுக்கு முன் வலது பக்கம் ஒன்றும் இடது பக்கம் ஒன்றுமாக சக்கரத்தைத் தூக்கிக் கொடுக்கும் இரண்டு மேனிபுலேட்டர்களை நிறுவினோம். தலைக்கு மேல் தண்டவாளம், சுமையைக் காற்றழுத்தத்தால் தாங்கிப் பிடிக்கும் பேலன்சர், டயரை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் கிரிப்பர். ஏற்புச் சோதனையில் ஒரு குறையும் தென்படவில்லை. முதல் வாரம் எல்லாரும் பயன்படுத்தினார்கள். இப்போது இரண்டும் தூணோரம் நிற்கின்றன. ஒன்றின் கைப்பிடியில் யாரோ தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டிருக்கிறார்.

நிலவரம் இதுதான்: 60 வினாடிக்கு ஒரு கார். பக்கத்துக்கு ஒரு ஆபரேட்டர், முன்சக்கரம் பின்சக்கரம் இரண்டும் அவருடையவை. சக்கரத்துக்கு இரண்டு நட்டுகளை மட்டும் கையால் ஓட்டிவிட வேண்டும். முழுதாக இறுக்குவது அடுத்த நிலையத்தில் இருக்கும் பல்முனை நட்ரன்னர். ஒரு சக்கரம் ஏறக்குறைய 22 கிலோ. இடைவேளை போக ஏழு மணி நேரம் ஓடினால் 420 கார், 840 சக்கரம். பெருக்கிப் பார்த்தால் ஓர் ஆள் ஒரு ஷிப்டில் 18 டன்னுக்கு மேல் தூக்குகிறார். அவருக்குத்தான் கருவி வேண்டாமாம்.

பயிற்சி போதாது, பயன்படுத்தாதவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுங்கள் என்கிறார் மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதே அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரண்டாம்ஷிப்ட்:

பத்தொன்பது வருடமாகச் சக்கரம் மாட்டுகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் சார். உங்கள் ஆட்களுக்குப் பயிற்சியில் குறையிருக்காது. முதுகு வலியிலும் குறையிருக்காது. நேரம்தான் இருக்காது.

கையால் மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சரிவில் வந்து நிற்கும் சக்கரத்தை நாங்கள் உடனே தூக்குவதில்லை, உருட்டிக்கொண்டே இரண்டு எட்டு வைப்போம். ஹப்புக்கு, அதாவது சக்கரம் உட்காரும் அச்சு முனைக்கு, எதிரே வந்ததும் பாதத்தை டயருக்கு அடியில் கொடுத்து முழங்காலால் ஓர் உந்து. அந்த உந்தில் சக்கரம் மேலே எழும். எழும்போதே கைகள் அதைத் திருப்பி ஓட்டையை ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணிக்கு, அதாவது ஸ்டட்டுக்கு, நேராக்கிவிடும். கண் பார்ப்பது மேல் ஸ்டட் ஒன்றைத்தான். அதில் தொங்கிவிட்டால் மற்ற நான்கும் தானாக வந்து உட்காரும்.

கருவியோடு என்றால் போய்ப் பிடிக்க வேண்டும், தாடை மூடும்வரை காத்திருக்க வேண்டும், தூக்கி இழுத்து ஹப்புக்கு எதிரே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நிற்காது, ஊஞ்சல் போல் ஆடும். உயரம் சரியாகிவிட்டது என்று பார்த்தால் ஓட்டை பொருந்தாது. டயரைத் தாடை இறுக்கிப் பிடித்திருப்பதால் திருப்பவும் முடியாது. இறக்கி, கையால் திருப்பி, மறுபடி பிடிப்பதற்குள் கார் ஒரு முழம் நகர்ந்திருக்கும். எல்லாம் முடிந்த பிறகு வெறும் கருவியை இழுத்துக்கொண்டு திரும்பி நடக்க வேண்டும். அந்தத் திரும்பும் நடையை எந்த ஏற்புச் சோதனையிலும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

உங்கள் கிரிப்பரில் பிடித்த பிறகு சக்கரம் சுழலுமா? முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

லைன்ஓரம்:

சுழலாது. ரப்பர் ஒட்டிய இரண்டு தட்டைத் தாடைகள், அவ்வளவுதான்.

நேற்று ஸ்டாப்வாட்சோடு போய் நின்றேன். கையால் ஒரு சக்கரத்துக்கு 9 வினாடி. கருவியில், வெறுங்கருவியோடு திரும்பும் நடையையும் சேர்த்து, 19 வினாடி. நட்டு ஓட்ட சக்கரத்துக்கு 8, முன்னிருந்து பின்னுக்கு நடக்க 4. ஆக, கையால் முடித்தால் ஒரு காருக்கு 38 வினாடி, கருவியில் 58. கையால் செய்கிறவருக்கு 22 வினாடி மூச்சு விட நேரம் இருக்கிறது. கருவியால் செய்கிறவருக்கு இரண்டே வினாடி. நட்டு ஒன்று கை தவறிக் கீழே விழுந்தால் லைனை நிறுத்தும் கயிற்றை இழுக்க வேண்டியதுதான்.

ஏற்புச் சோதனையில் நாங்கள் அளந்தது தூக்கும் திறனையும் உயரத்தையும் மட்டும். வெட்கமாக இருக்கிறது.

முதுகெலும்பு:

நான் தொழிற்சாலைகளில் பணிச்சூழலியல் பார்ப்பவள். நேரப் பிரச்சினை உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் "கையாலேயே விட்டுவிடலாமே" என்ற இடத்துக்கு இந்தப் பேச்சு நழுவிவிடக் கூடாது என்பதால் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

நயாஷ் சமன்பாடு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1981இல் கொண்டுவந்து 1991இல் திருத்தியது. எல்லாம் சாதகமாக அமைந்தால் 23 கிலோ தூக்கலாம் என்று தொடங்கி, சாதகமில்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கெண்ணால் அதைக் குறைத்துக்கொண்டே போகும்.

உங்கள் நிலையத்தில் கை போய்ச் சேரும் இடத்தை எடுத்துக்கொள்வோம். டயரின் அகலமும் சக்கர வளைவின் ஆழமும் சேர்ந்து கைகளை உடலை விட்டு வெளியே தள்ளுகின்றன. கணுக்காலிலிருந்து கை 50 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் பெருக்கெண் 25 வகுத்தல் 50, அதாவது 0.5. முதல் அடியிலேயே பாதி போய்விட்டது. கை தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் 0.955. 30இலிருந்து 60க்குத் தூக்கினால் அந்தத் தூரத்துக்கு 0.97. நிமிடத்துக்கு இரண்டு முறை, நாள் முழுதும் என்றால் 0.65. பிடிமானம் சுமார் என்பதற்கு 0.95. எல்லாவற்றையும் பெருக்கினால் 6.6 கிலோ வருகிறது. தூக்குவதோ 22 கிலோ. 22ஐ 6.6ஆல் வகுத்தால் 3.3. இந்த எண்ணைத் தூக்கல் குறியீடு என்போம். ஒன்றைத் தாண்டினாலே சிலருக்கு ஆபத்து கூடுகிறது; மூன்றைத் தாண்டினால் பலருக்கு. மாட்டும்போது உடல் 30 டிகிரி திரும்பியிருந்தால் குறியீடு 3.7க்குப் போய்விடும்.

கையால் தூக்குவது வேகமாக இருக்கிறது என்பது இன்றைய கணக்கு. அந்தப் பத்து வினாடிக்கான விலையைக் கொடுப்பது கீழ்முதுகின் தட்டுகள். அதுவும் உடனே கொடுப்பதில்லை, வருடங்கள் கழித்துக் கொடுக்கும்.

இரண்டாம்ஷிப்ட்:

கணக்கு சரிதான் அம்மா. என் முதுகையே கேட்டாலும் இதே எண்ணைத்தான் சொல்லும். எச்சரிக்கைக் கடிதம் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேற்பார்வையாளர் வரும்போது கருவி, போனதும் கை. இரண்டு நாளில் யார் எப்போது வருகிறார் என்று எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிடும்.

முதுகெலும்பு:

அதை நானும் பார்த்திருக்கிறேன். கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. கருவியின் 19 வினாடியைக் குறையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சரிவுப்பலகை:

இழையை முழுதாகப் படித்தேன். எல்லாரும் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டீர்கள். மனிதன் செய்த பொருள்களிலேயே உருட்டுவதற்கு மிகத் தோதானது சக்கரம். அதைத் தூக்குவதற்கு இவ்வளவு இரும்பும் காற்றும் எதற்கு?

காரின் உயரத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். தொங்கும் கன்வேயராகவோ, உயரம் மாறும் மேடையாகவோ இருந்தால் ஹப் இடுப்பு உயரத்துக்கு வரும்படி காரை நிறுத்துங்கள். சக்கரம் வரும் உருளைச் சரிவின் முடிவையும் அதே உயரத்துக்கு ஏற்றுங்கள். சக்கரம் நின்ற நிலையிலேயே ஹப்புக்கு எதிரே வந்து சேரும். ஆபரேட்டர் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளினால் போதும். மேனிபுலேட்டர் என்ற பேச்சே எழாது.

முதுகெலும்பு:

பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன், மறுபாதிக்குக் கணக்கைப் பாருங்கள்.

உங்கள் யோசனைப்படி உயர வேறுபாடே இல்லை, கை 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, உடலுக்கு நெருங்கி 35 சென்டிமீட்டரில் பிடிக்கிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தொலைவுக்கு 0.71, உயரத்துக்கும் தூரத்துக்கும் குறைப்பே இல்லை, பிடிமானத்துக்கும் இந்த உயரத்தில் குறைப்பில்லை. ஆனால் நிமிடத்துக்கு இரண்டு என்பதன் 0.65 போகவே போகாது. 10.7 கிலோ வரும். குறியீடு 2க்குச் சற்று மேல். 3.3இலிருந்து 2க்கு வந்தது பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் ஒன்றைப் போல் இரண்டு மடங்கு.

ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால், அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் தொடர்ந்து செய்யாமல், பிறகு ஏறக்குறைய அதே அளவு நேரம் எடை தூக்காத வேலைக்குப் போனால், 0.65 என்பது 0.91 ஆகும். அப்போது குறியீடு 1.5. உயரத்தைச் சரிசெய்வதும் பணி சுழற்சியும் சேர்ந்தாலும் 22 கிலோ என்ற எண் இடித்துக்கொண்டே இருக்கும். மின்சாரக் கார்களிலும் பெரிய எஸ்யூவிகளிலும் 20, 21 அங்குலச் சக்கரங்கள் வந்துவிட்டன. அவற்றில் 30 கிலோவைத் தொடுபவையும் உண்டு.

எடை முழுவதும் உருளைகளின் மேலேயே இருந்து, ஆபரேட்டர் வெறுமனே தள்ளினால் கதை வேறு. இந்தச் சமன்பாடு தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் பொருந்தாது. அதற்கு ஸ்னூக், சிரியெல்லோ இருவரும் 1991இல் வெளியிட்ட அட்டவணைகளைப் பார்க்க வேண்டும். நல்ல உருளையில் 22 கிலோ சக்கரத்தைத் தள்ளும் விசை அங்கே ஒரு பொருட்டாகவே இராது.

சரிவுப்பலகை:

கடைசிப் பத்தியைத்தான் நான் சொல்ல வந்தேன், சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்டேன். எடை கைக்கு வரவே கூடாது. சரிவின் முனையிலிருந்து ஹப் வரை ஒரு தொட்டில் போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

காற்றுக்குழாய்:

பராமரிப்புப் பக்கத்திலிருந்து வருகிறேன். பேலன்சர் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று காத்திருந்தேன்.

லைன்ஓரம் சாருக்கு ஒரு கேள்வி. ஷிப்ட் தொடங்கி எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் காற்றை இழுக்கும்போது உங்கள் குழாயில் அழுத்தம் எவ்வளவு இருக்கிறது? கம்ப்ரசர் அறையில் இருக்கும் மானியில் பார்க்காதீர்கள், பேலன்சர் வாயிலில் பாருங்கள். 6 பார் அழுத்தத்தில் 60 கிலோ தூக்கும் பேலன்சர் 4.5 பாரில் 45 கிலோதான் தூக்கும். பிஸ்டன் பரப்பு மாறாது, அழுத்தம்தான் குறைகிறது. கிரிப்பர் 30, சக்கரம் 22, மொத்தம் 52. காலையில் முதல் அரை மணி நேரம் உங்கள் கருவி சோர்ந்துபோய்க் கீழே இறங்குமா இறங்காதா? "கருவி சில நேரம் வேலை செய்யாது" என்ற பெயர் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு அதை அழிக்கவே முடியாது. பக்கத்தில் ஒரு சேமிப்புத் தொட்டியும், குழாயில் ஒரு தடுப்பு வால்வும் வையுங்கள். பெரிய செலவே இல்லை.

அடுத்தது, எடை வேறுபாடு. பேலன்சரில் சுமை அழுத்தத்தை ஒரு சக்கரத்துக்கு அமைத்திருப்பீர்கள். இரும்பு ரிம் வரும், அலாய் வரும், வேறு அளவு வரும். அமைத்ததை விட மூன்று கிலோ இலேசான சக்கரம் வந்தால் கருவி தானாக மேலே ஏறப் பார்க்கும், ஆள் அதைக் கீழே அழுத்திக்கொண்டே வேலை செய்வார். கனமானது வந்தால் தூக்கிப் பிடித்துக்கொண்டே. எடையைத் தானே உணர்ந்து சரிசெய்யும் சர்வோ ஹாயிஸ்ட் இதற்கு நல்ல பதில், விலைதான் கூடுதல். மூன்று அழுத்த நிலைகளுக்கு மூன்று பொத்தான் வைப்பது ஏழையின் பதில். பொத்தானை ஆள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் அதுவும் ஒரு வினாடி, நினைவிருக்கட்டும்.

மூன்றாவது, எல்லாரும் மறப்பது: நகரும் நிறை. சுமையைக் காற்று தூக்கிவிடும், ஆனால் நிலைமத்தைக் காற்று தூக்காது. உங்கள் மேல் பாலம், வண்டி, கிரிப்பர் எல்லாம் 130 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், சக்கரத்தோடு 152. அதை அரை வினாடியில் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 152 நியூட்டன் வேண்டும். 15 கிலோவைத் தாங்கிப் பிடிக்கும் விசை அது. ஹப்புக்கு எதிரே நிறுத்த மறுபடியும் அதே விசை. 22 கிலோவை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டு 15ஐ இரண்டு தடவை வசூலிக்கிறீர்கள். இரண்டாம்ஷிப்ட் அண்ணன் சொன்ன ஊஞ்சல் இதுதான். உருக்குப் பாலத்துக்குப் பதில் மூடிய அலுமினியத் தண்டவாளம், கிரிப்பரில் தேவையில்லாத இரும்பை எல்லாம் அறுத்து எறிவது, இவை இரண்டும்தான் மருந்து. கைப்பிடியை எடை மையத்துக்கு நெருங்கி வைத்தால் ஆட்டம் இன்னும் குறையும்.

இரண்டாம்ஷிப்ட்:

"இரண்டு தடவை வசூல்" என்ற இந்த விளக்கத்தை நான் பத்து வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன் தம்பி. கருவியில் வேலை செய்தால் முதுகு வலிக்காது, தோள் வலிக்கும் என்று சொன்னால் எவரும் நம்பவில்லை.

புதுவரவு:

படித்து முடித்து இப்போதுதான் வேலைக்கு வந்திருக்கிறேன், தவறாகக் கேட்டால் மன்னியுங்கள். இதற்கு ரோபோ வைத்துவிடலாமே? அல்லது உடலில் அணியும் புறச்சட்டகம்?

காற்றுக்குழாய்:

ரோபோ வைத்து முழுதும் தானாக மாட்டும் நிலையங்கள் இருக்கின்றன. கேமரா முதலில் ஹப்பில் ஸ்டட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்க்கும், சக்கரத்தில் ஓட்டை எங்கே என்று பார்க்கும், ரோபோ சக்கரத்தைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கும், கூடவே நட்டுகளையும் இறுக்கிவிடும். லைன் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று போக வேண்டும், அல்லது ரோபோ காரோடு சேர்ந்து நகர வேண்டும். வேலியும் வேண்டும். கட்டி முடித்த லைனில் இதை நுழைப்பது ஓடும் பஸ்ஸில் இருக்கை மாற்றுவது போன்றது.

இடையில் ஒரு சுவையான செய்தி. மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோவை இன்று கோபாட் என்று எல்லாரும் சொல்கிறோமே, அந்தச் சொல் பிறந்ததே இந்த மாதிரி வேலைக்காகத்தான். 1990களின் நடுவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் இருவரும் ஜெனரல் மோட்டார்ஸ் ஆதரவோடு செய்த ஆராய்ச்சி அது. அவர்களுடைய முதல் கோபாட்டுகள் தாமாக நகரவே நகரா. தள்ளுவது மனிதர், மோட்டார் செய்ததெல்லாம் திசையைத் திருப்புவது மட்டும். சுமையைச் சரியான பாதையில் வழிநடத்தும் கை. இந்த இழையில் நாம் தேடிக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய அதுதான்.

முதுகெலும்பு:

புறச்சட்டகத்துக்கு நான் பதில் சொல்கிறேன். மோட்டார் இல்லாத சட்டகங்கள் கையைத் தலைக்கு மேல் உயர்த்தியே செய்யும் வேலைகளில் கொஞ்சம் உதவுகின்றன. இங்கே 22 கிலோ, உடலை விட்டு அரை மீட்டர் தள்ளி. சட்டகம் அணிந்தாலும் அந்த 22 கிலோவும் அந்த அரை மீட்டரும் அப்படியே இருக்கும். வேலையை மாற்றாமல் ஆளை மாற்றும் வழிகளைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும்.

லாரிபட்டறை:

லாரி, பஸ் பக்கத்திலிருந்து ஒரு சொல். எங்களுக்கு 22.5 அங்குலச் சக்கரம், இரும்பு ரிம்மோடு நூறு கிலோவைத் தொடும். கையால் தூக்கலாமா என்ற விவாதமே கிடையாது, அதனால் கருவியைத் தவிர்க்கும் பிரச்சினையும் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

எங்கள் வண்டி எளிமையானது. தரையில் ஓடும் தள்ளுவண்டி, இரண்டு நீளமான உருளைகள், சக்கரம் அவற்றின் மேல் நிற்கும். பின்னால் சாயாமல் ஒரு கொக்கி. எங்களுடைய பெரும்பாலான ஹப்புகளில் 335 மில்லிமீட்டர் வட்டத்தில் பத்து ஸ்டட், இரண்டுக்கு நடுவே 36 டிகிரி. எவ்வளவு கோணல்மாணலாக வந்தாலும் 18 டிகிரிக்கு மேல் திருப்பத் தேவையில்லை. உருளை மேல் நிற்கும் சக்கரத்தை ஒரு கையால் திருப்பலாம், நூறு கிலோவாக இருந்தாலும். உங்களுடையது ஐந்து ஸ்டட் என்றால் இடைவெளி 72 டிகிரி, அதிகபட்சம் 36 டிகிரி திருப்ப வேண்டும். 66 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரின் விளிம்பில் அது 21 சென்டிமீட்டர், ஒரு சாண் அளவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். சக்கரம் ஹப்பின் நடு விளிம்பில் சரியாக ஏறாமல், ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாக நின்றுகொண்டிருக்கும்போதே நட்டு இறுகினால், இறுக்கத்தைக் காட்டும் டார்க் எண் சரியாகவே இருக்கும். வண்டி ஓடி அது உட்கார்ந்ததும் இறுக்கம் போய்விடும். தாடையால் பிடித்து அழுத்தித் தள்ளும் கருவிகளில் இந்தக் கோணல் அடிக்கடி வரும், ஏனென்றால் சக்கரம் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளக் கருவி விடாது. உருளை மேல் நிற்கும் சக்கரம் தானே தேடிப் போய் உட்காரும்.

இரண்டாம்ஷிப்ட்:

லாரிபட்டறை அண்ணன் சொன்ன உருளைத் தொட்டிலைத்தான் நானும் கேட்க வந்தேன். தாடை வேண்டாம். கீழே இரண்டு உருளை, பின்னால் ஒரு விரல் போல் தாங்கி. மாட்டியதும் ஒரு விரற்கடை கீழே இறக்கி இழுத்துக்கொள்ளலாம், கிளாம்ப் திறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஸ்டட் இல்லாமல் போல்ட் போடும் மாடல் உங்களிடம் இருந்தால் மட்டும் கொஞ்சம் கவனம். தொங்குவதற்கு ஒன்றுமே இல்லாததால் முதல் போல்ட் பிடிக்கும்வரை தொட்டில் அசையாமல் நிற்க வேண்டும். மேல் துளையில் ஒரு வழிகாட்டிக் குச்சியைத் திருகி வைத்து அதன்மேல் சக்கரத்தைச் சறுக்கிவிடுவது பழைய பழக்கம், இன்றும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

காற்றுக்குழாய்:

தொட்டிலாக மாற்றுவதானால் கருவியை மறுபடியும் சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். கிரிப்பர் மாறினால் கருவியே மாறியது போலத்தான். ஐரோப்பியத் தரத்தில் இந்த வகைக் கருவிகளுக்கு இஎன் 14238 என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. அமெரிக்க முறையில் கொக்கிக்குக் கீழே வரும் சாதனங்களுக்கு ஏஎஸ்எம்இ பி30.20. காற்று போனால் சுமை விழக் கூடாது, சுமை தாங்கப்படாமல் விடுவிப்பு நடக்கக் கூடாது. உருளைத் தொட்டிலில் இரண்டாவது பாதி தானாகவே தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் விடுவிக்க எதுவுமே இல்லை. ஆனால் சுமை திடீரென்று கழன்றால் பேலன்சர் கைப்பிடி மேல்நோக்கிப் பாயும். அதைப் பிடிக்கும் மையவிலக்கு பிரேக் சரியாக இருக்கிறதா என்று வருடம் ஒருமுறையாவது பாருங்கள். தாடை உடைந்து சக்கரம் விழுந்த இடத்தில் பேலன்சர் கைப்பிடி ஒருவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனதை நேரில் பார்த்தவன் நான்.

லைன்ஓரம்:

எல்லாருக்கும் நன்றி. மேலாளரிடம் கடிதத்துக்குப் பதிலாக ஆறு வாரம் கேட்டிருக்கிறேன். வந்து சொல்கிறேன்.

லைன்ஓரம்:

ஏழு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

வலது பக்கக் கருவியை முதலில் எடுத்துக்கொண்டோம். அந்தப் பக்க ஆபரேட்டர்கள் இரண்டு பேரை மூன்று நாள் லைனிலிருந்து விடுவித்து, அட்டையும் மரப்பலகையும் கொண்டு தொட்டிலின் மாதிரியை அவர்களையே செய்யச் சொன்னோம். நான் வரைந்த வரைபடத்தில் பின்தாங்கி நடுவில் இருந்தது. அது வால்வுக் காம்பில் இடிக்கும் என்று பார்த்த உடனே சொன்னார்கள். இரண்டு பக்கமும் தள்ளி வைத்தோம். உருளை மேல் நைலான் போதும் என்று நினைத்திருந்தேன். டயர் பொருத்தும் பிரிவில் தடவும் சோப்பு நீர் காயாமலே சில சக்கரங்கள் வருவதால் வழுக்கியது. பாலியூரிதேன் உறை போட்டபின் சரியாகிவிட்டது.

சரிவின் முனையைத் தொட்டில் உயரத்துக்கு ஏற்றி, காருக்கு ஒரு மீட்டர் நெருக்கத்தில் கொண்டுவந்தோம். சக்கரம் தானாக உருண்டு தொட்டிலில் ஏறி நிற்கிறது. காரை உயர்த்த முடியவில்லை, மேடை நிலையானது. காற்றுக்குழாய் சொன்னபடி வாயிலில் அழுத்தம் பார்த்தேன்: காலையில் 4.6. தொட்டி வைத்தோம். கிரிப்பரில் பதினோரு கிலோ குறைந்தது.

கருவியில் இப்போது 12 வினாடி. இரண்டு சக்கரத்தையும் கருவியில் மாட்டினால் ஒரு காருக்கு 44. மிச்சம் 16 வினாடி. கையால் செய்வதை விட இன்னும் மூன்று வினாடி மெதுவுதான், ஆனால் யாரும் கையால் தூக்குவதில்லை. பின்சக்கரத்துக்கு.

முன்சக்கரத்துக்கு இன்னும் கையையே நம்புகிறார்கள். தொட்டிலைத் தள்ளினால் ஹப் திரும்பிக்கொண்டு போய்விடுகிறது.

இரண்டாம்ஷிப்ட்:

ஸ்டியரிங் பூட்டாமல் வருகிறது என்று அர்த்தம். ஸ்டட்டில் சக்கரம் தொட்டதும் ஹப்பைத் தாங்கும் நக்கிள் சுழன்றுவிடும். கையால் செய்கிறவர் முழங்காலால் அதைத் தடுத்துக்கொண்டே மாட்டிவிடுவார், கருவியால் முடியாது. முந்தைய நிலையத்தில் ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பிடிக்கும் ஒரு தாங்கி கொடுங்கள். இருக்கைக்கும் ஸ்டியரிங் வளையத்துக்கும் இடையில் மாட்டும் தடி போதும். இன்னொன்று, முந்தைய நிலையத்திலேயே யாராவது ஹப்பைத் திருப்பி ஒரு ஸ்டட்டை நேர் மேலே கொண்டுவந்து விட்டால் உங்கள் 12இல் இரண்டு வினாடி போய்விடும். எஞ்சின் சுழற்றும் சக்கரங்களுக்கு இது முடியாமல் போகலாம், மற்ற இரண்டுக்கு முடியும்.

லைன்ஓரம்:

தடியை நாளைக்கே செய்து பார்க்கிறேன். ஹப்பைத் திருப்பும் வேலைக்கு முந்தைய நிலையத்தில் நேரம் இருக்கிறதா என்று அந்த ஆளையே கேட்டுவிட்டுத்தான் சொல்வேன், ஸ்டாப்வாட்சோடு.

முதுகெலும்பு:

பின்சக்கரம் தொட்டிலுக்குப் போனதால் கையால் தூக்குவது நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. என் பழைய கணக்கில் 0.65 இருந்த இடத்தில் 0.75 போடுங்கள், குறியீடு 3.3இலிருந்து 2.9க்கு வரும். பாதி வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைக் காட்டுங்கள். முன்சக்கரமும் போனால்தான் கணக்கு தீரும்.

காற்றுக்குழாய்:

இடது பக்கக் கருவி என்ன ஆயிற்று?

லைன்ஓரம்:

இன்னும் தூணோரம்தான். அடுத்த மாதம் நிறுத்த நாளில் மாற்றுகிறோம்.

இரண்டாம்ஷிப்ட்:

தண்ணீர் பாட்டில்?

லைன்ஓரம்:

அது வலது பக்கக் கருவியில்தான் தொங்கியது. இப்போது அந்தத் தூணில் ஒரு கொக்கி அடித்துக் கொடுத்திருக்கிறோம். கேட்டது அவர்கள்தான், தொட்டிலை வரைவதற்கு முன்பே.